தராசிலிருந்து ஆபீஸுக்கு ஒரு கம்பி

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது ராயப்பன்பட்டியில் எங்கள் தெருவுக்கே தெரியும். அந்தக் கோபம்தான் என்னை அந்தத் தராசிடம் கொண்டுபோய் விட்டது.

எண்பதுகளின் கடைசி அது. மதுரையில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, தேனிக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பொம்பளப் பிள்ளை ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற அழகைப் பார்க்கவே வேறு பிரிவுகளில் இருந்து ஆட்கள் சும்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். முதலாளி தேனி பஜாரில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்த குடும்பம். பருத்தி வியாபாரத்திலிருந்து மில்லுக்கு வந்தவர். அந்த வருஷம்தான் ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தார். அதற்கென்று ஒரு குளுகுளு அறை கட்டி, வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லியிருந்தார்.

கம்ப்யூட்டரை வைத்துவிட்டுப் போக கோயம்புத்தூரிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்திருந்தார். முதலாளி அவரைக் குடோனுக்கு அழைத்துப் போய், நூல் மூடை எடை போடும் தராசைக் காட்டினார். அது எங்கேயோ மூடிப் போன ஒரு மில்லில் இருந்து வாங்கிய வெளிநாட்டுச் சாமான். சிவப்பு எண்கள் ஒளிரும் பெட்டியும், மூடையை வைக்க ஒரு இரும்புத் தட்டும் உண்டு. "இங்கன போடுற எடை அங்கன ஆபீஸ்ல தானா விழுந்துச்சுன்னா சிட்டை எழுதுற வேலை மிச்சம். முடியுமா சார்?" என்று கேட்டார் முதலாளி.

எஞ்சினியர் பெட்டியை ஒரு தட்டு தட்டினார். "இது கம்ப்யூட்டரோட பேசாது சார். பழசு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார்.

பின்பக்க மூடியைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை அந்த மனுஷன். எனக்குச் சுருக்கென்று ஏறியது. "பேசும் சார்" என்று சொல்லிவிட்டேன். பேசுமா பேசாதா என்று எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். "பேச வச்சுக் காட்டும்மா, பாப்போம்" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

அன்று மத்தியானமே தராசின் முதுகைக் கழற்றினேன். பிரிண்டருக்கென்று உள்ள ஒரு வட்டமான சாக்கெட் இருந்தது. பிரிண்டர் எப்போதோ உயிரை விட்டிருந்தது. தராசுக்கு அது தெரியாது. பொத்தானை அமுக்கும்போதெல்லாம் அது பாட்டுக்கு அந்தச் சாக்கெட் வழியாக எடையைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. மீட்டரை மாட்டிவிட்டு எடைக்காரரைப் பொத்தானை அமுக்கச் சொன்னேன். முள் படபடவென்று துடித்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

எடைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்க்கையன்கோட்டைக்காரர். மில் தொடங்கிய நாளிலிருந்து எடை போடுகிறவர். காலையில் நான் வரும் பஸ்ஸில் சின்னமனூரில் ஏறி, இடம் இருந்தாலும் நின்றுகொண்டேதான் வருவார். உட்கார்ந்தால் தூக்கம் வருமாம். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தாயி என்பார். மீட்டர் முள் துடித்ததைப் பார்த்து என்னைவிட அவருக்குத்தான் வாயெல்லாம் பல். "ஏ தாயி, உசுரோடதான் இருக்கு போல" என்றார்.

உயிர் இருந்தது சரி, பாஷைதான் வேறு. தராசு தந்தி மாதிரி கம்பியில் கரண்டை விட்டு விட்டு அனுப்பிப் பேசியது. கம்ப்யூட்டருக்கோ வோல்ட்டேஜ் ஏறி இறங்கினால்தான் புரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போய் டவுன்ஹால் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, கறுப்பாக ஒரு சின்னஞ்சிறு சில்லு வாங்கி வந்தேன். அதற்குள் ஒரு பொட்டு விளக்கும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு கண்ணும் உண்டு. தராசின் கரண்ட் விளக்கை ஏற்றி அணைக்கும். கண் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன ஜாமெட்ரி பாக்ஸுக்குள் அதை வைத்துப் பற்றவைத்தேன். லோடுமேன்கள் குடோன் கூரையிலிருந்து ஆபீஸ் ஜன்னல் வரை டெலிபோன் வயரை இழுத்துக் கட்டினார்கள். துணி காயப் போடவா என்று கேலி வேறு.

அண்ணன் தராசுப் பக்கம் நின்றார். கம்பியில் வருவதைத் திரையில் காட்ட ஒரு குட்டிப் புரோகிராம் எழுதிவிட்டு, நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். "அமுக்கவா தாயி?" என்று அங்கிருந்து குரல் வந்தது. "அமுக்குங்கண்ணே" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி. ஒன்றும் இல்லை. இரண்டு வயரையும் இடம் மாற்றி மாட்டினேன். திரையில் சடசடவென்று ஏதோ விழுந்தது.

விழுந்தது எண் இல்லை. கட்டமும் கோடும் புள்ளியும், நடுநடுவே ஒரு மூன்று, ஒரு ஆறு. கோலப் புத்தகம் கிழிந்து விழுந்த மாதிரி இருந்தது. ஆனாலும் தராசு கம்ப்யூட்டருக்கு ஏதோ சொல்லிவிட்டது. நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்ததில் முழங்கால் மேஜையில் இடித்து நாலு நாள் வலித்தது.

எடைக்கல்லை மாற்றி மாற்றி வைத்து என்ன வருகிறது என்று பார்த்தேன். பூஜ்யம், மூன்று, ஐந்து, ஆறு, ஒன்பது, இவை மட்டும் ஒழுங்காக வந்தன. ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, எட்டு, இந்த ஐந்தும் கட்டமாகவும் கோடாகவும் வந்தன. அதிலும் ஒரு ஒழுங்கு. எட்டுக்கு எப்போதும் ஒரே கோடு, இரண்டுக்கு எப்போதும் ஒரே கட்டம். இது கோளாறு இல்லை, நமக்குப் புரியாத ஏதோ ஒன்று என்று பட்டது. சாயங்காலம் பஸ்ஸில் டிக்கெட்டின் பின்பக்கம் பூஜ்யமும் ஒன்றுமாக அந்த எண்களை எழுதிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் அப்படித்தானே எல்லாவற்றையும் வைத்திருக்கும். எழுத எழுதப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஒழுங்காக வந்த எண்களில் எல்லாம் ஒன்றுகள் இரட்டைப்படையில் இருந்தன. கோணலாக வந்தவற்றில் ஒற்றைப்படை. அந்தப் பழைய தராசு, வழியில் எதுவும் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள, ஒற்றைப்படையாக இருந்தால் கூட ஒரு ஒன்றை ஒட்டி இரட்டைப்படையாக்கி அனுப்புகிறது. கம்ப்யூட்டர் அந்த ஒட்டுப்போட்டதையும் சேர்த்துப் படித்துக் குழம்புகிறது. அவ்வளவுதான் விஷயம். நான் பஸ்ஸிலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் போனதும் புரோகிராமில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். "அமுக்குங்கண்ணே." திரையில் எடை விழுந்தது. முழு எடை, புள்ளிக்கு அப்புறம் வருவது உட்பட. நான் போட்ட கூச்சலில் அண்ணன் யாருக்கோ ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்தார். வந்தவர் செருப்போடு உள்ளே நுழைந்து, திரையைப் பார்த்து, செருப்பைப் பார்த்து, மறுபடி திரையைப் பார்த்தார். எனக்கு அன்று முழுக்கத் தலைகால் புரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன்.

பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து புரோகிராமை முழுதாக எழுதினேன். பொத்தானை அமுக்கினால் எடை வரும். கம்ப்யூட்டர் தானே வரிசை எண் போட்டுக்கொள்ளும், கூட்டிக்கொள்ளும், லாரி நிறைந்ததும் கேட் பாஸை அச்சடித்துக் கொடுக்கும். தராசுப் பெட்டியிலும் மூடை எண்ணை வைக்க விரலால் திருப்பும் இரண்டு உருளைகள் இருந்தன. அந்த எண்ணும் எடையோடு சேர்ந்து வரும். காலித் தட்டைச் சோதித்துப் பார்க்கும்போது உருளையைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும் என்று தராசின் கையேட்டில் போட்டிருந்தது. ஆகவே பூஜ்யத்தோடு எது வந்தாலும் சோதனை என்று தள்ளிவிடும்படி எழுதினேன். மற்றபடி உருளை எண்ணை நான் சட்டை செய்யவே இல்லை. முதலாளி முன்னால் நானே உருளையைத் திருப்பி, ஒன்று இரண்டு என்று எடைக்கற்களைப் போட்டுக் காட்டினேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடுத்து ஸ்பின்னிங்ல ஈரம் பாக்குற கருவி இருக்குல்ல, அதையும் இழுத்துரு ஆத்தா. நான் இங்கன உக்காந்தே மில்லு பூராவும் பாக்கணும்" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அண்ணனிடம் சொன்னேன்: "நீங்க எதையும் மாத்த வேணாம்ணே. எப்பவும் போடுற மாதிரியே போடுங்க. கம்ப்யூட்டர் பாத்துக்கிரும்."

முதல் லாரி கேட்டில் நின்றுவிட்டது. வாட்ச்மேன் மூடைகளை எண்ணிப் பார்த்திருக்கிறார். கம்ப்யூட்டர் அடித்துக் கொடுத்த கேட் பாஸில் இருப்பதைவிட லாரியில் ஒரு மூடை கூடுதல். மறுபடி எண்ணினார்கள். அதே ஒரு மூடை. முதலாளி அதை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு லாரியை அனுப்பினார். முகம் சரியில்லை.

கம்பியில் எங்கேயோ ஓர் எடை காணாமல் போகிறது என்றுதான் நான் நினைத்தேன். அன்று முழுக்க ஒரு மூடையைத் தட்டில் வைத்து, பொத்தானை அமுக்கி அமுக்கிச் சோதித்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. வயரை ஆட்டிப் பார்த்தேன், மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தேன், மில் சத்தம் முழுக்க இருக்கும்போது பார்த்தேன். எல்லாம் சரி. முதலாளியிடம் போய், "கம்ப்யூட்டர்ல தப்பே இல்லைங்கய்யா" என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவர் மெதுவாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு மறுநாள்தான் விளங்கியது.

மறுநாள் இரண்டாவது லாரி. அதிலும் ஒரு மூடை கூடுதல்.

முதலாளி கேட்டுக்கே வந்துவிட்டார். லோடுமேன்கள், டிரைவர், வாட்ச்மேன், ஷிப்ட் மாறி வெளியே போகிற பெண்கள், எல்லோரும் நின்றார்கள். அண்ணனைப் பார்த்துக் கேட்டார்: "எடை போடாம ஒரு மூடைய ஏத்தி விடுற. எங்க இறக்குறீக அத? கம்பத்துலயா, போடியிலயா?"

"எல்லா மூடையும் தட்டுல ஏறித்தான் இறங்குச்சு மொதலாளி."

"அப்ப மிஷின் பொய் சொல்லுதா? இத்தன வருசம் எடை போட்டதும் நீ, சிட்டை எழுதுனதும் நீ. இப்பத்தான கேக்குறதுக்கு ஒண்ணு வந்திருக்கு."

அண்ணன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். கூட்டத்தில் யாரோ, எவ்வளவு நாளா நடக்குதோ என்று முணுமுணுத்தார்கள். நான் பேச வைத்த தராசு ஒரு மனுஷனைத் திருடன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. நேற்று நான் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தைதான் அதற்குச் சாட்சி. நாளைக்குப் போகும் லோடோடு அவருக்குக் கணக்கு முடித்துவிடப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் அண்ணன் சின்னமனூரில் ஏறினார். டிரைவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. தேனி வருவதற்குள் நான் எத்தனை தடவை எழுந்து போகப் பார்த்து உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியாது. என்னவென்று போய்ப் பேச? ஆனால் ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது. இந்த மனுஷன் எடுக்கவில்லை. கம்ப்யூட்டரிலும் பிசகில்லை. இரண்டும் உண்மையென்றால், இந்த இரண்டுக்கும் நடுவில் நான் பார்க்காத ஏதோ ஒன்று இருக்க வேண்டும். நான் சோதித்ததெல்லாம் நானே எடை போட்டுத்தான். இவர் எடை போடும்போது ஒரு தடவைகூட நான் பக்கத்தில் நின்றதில்லை. அது உறைத்ததும் பஸ்ஸை விட வேகமாக ஓடலாம் போல இருந்தது.

முதலாளியிடம் போய் நின்றேன். "அவுக இன்னிக்கு எடை போடட்டுங்கய்யா. நான் பக்கத்துல நின்னு பாக்கணும். ஒரே ஒரு லாரி."

"நானும் வாறேன்" என்றார்.

குடோனில் அண்ணன் தராசுக்கு முன்னால் நின்றார். லோடுமேன் முதல் மூடையைத் தட்டில் போட்டார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. எடை ஆடி நின்றது. கையைக் கட்டிக்கொண்டு மூடையையே பார்த்துக்கொண்டிருந்த முதலாளி, தன்னை அறியாமல், சின்ன வயதிலிருந்து கடையில் சொல்லிப் பழகிய குரலில் சொன்னார்:

"லாபம்."

அண்ணன் பொத்தானை அமுக்கினார். மூடை இறங்கியது. அடுத்தது ஏறியது. அண்ணனின் கட்டைவிரல் உருளையைத் திருப்பியது.

"ரெண்டு" என்றார் முதலாளி. அண்ணன் பொத்தானை அமுக்கினார்.

"நிறுத்துங்க" என்று நான் கத்தியது ஸ்பின்னிங் வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். உருளை பூஜ்யத்திலிருந்து நேராக இரண்டுக்குப் போயிருந்தது. நெல் அளந்தாலும் சரி, பருத்தி நிறுத்தாலும் சரி, முதலாவதை யாராவது ஒன்று என்பார்களா? களத்தில் என் அப்பா மரக்காலைக் கவிழ்க்கும்போது லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணுவதைக் கேட்டு வளர்ந்தவள்தானே நானும். அண்ணனுக்கு லாபத்துக்கு ஓர் எண் கிடையாது. ஒவ்வொரு லாரிக்கும் உருளையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, லாபத்துக்கு அதை அங்கேயே விட்டுவிட்டுப் பொத்தானை அமுக்குவார். என் புரோகிராம் பூஜ்யத்தைக் கண்டதும் சோதனை என்று தள்ளிவிடும். ஒவ்வொரு லாரியிலும் முதல் மூடை இப்படித்தான் காணாமல் போயிருக்கிறது. கையேட்டைப் படித்த நான், டிப்ளமோ மூளையோடு ஒன்றிலிருந்து எண்ணிச் சோதித்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன். அடித்துக்கொண்டே சிரித்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

முதலாளியை இழுக்காத குறையாக ஆபீஸுக்கு அழைத்துப் போனேன். திரையில் ஒரே ஒரு மூடைதான் இருந்தது. இரண்டாவதாகப் போட்ட மூடைக்கு வரிசை எண் ஒன்று. மூச்சு வாங்கிக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, லாபத்தப் போயா தள்ளிவிடச் சொன்ன?"

"அவுகள ஒண்ணுல இருந்து வைக்கச் சொல்லட்டுங்களாய்யா?"

"அது ஆகாது. அந்தாளு கணக்கு சரியான கணக்கு. நீ ஒன் கம்ப்யூட்டர மாத்து."

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். பூஜ்யத்தோடு வந்தாலும் தட்டில் எடை இருந்தால் அது மூடை, லாரியின் முதல் மூடை. எடை இல்லாவிட்டால் மட்டும் சோதனை. நாலே வரி. அவசரத்தில் ஒரு வரியை மூன்று தடவை அழித்து எழுதினேன். அதற்குள் முதலாளி குடோனுக்குத் திரும்பிவிட்டார். ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது.

"சரிப்பா. கொழப்பம் தீந்துச்சு. நீ வேலையப் பாரு."

அண்ணன் அசையவில்லை. பின்பு, சத்தம் போடாமல், நிதானமாகச் சொன்னார். "மொதலாளி, இங்கன சொன்னாப் பத்தாது. அங்கன கேட்ல வச்சுத்தான கேட்டீக. அங்கன வந்து சொல்லுங்க."

அந்த மில்லில் முதலாளியிடம் அப்படிப் பேசியவரை நான் பார்த்ததில்லை. இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். கேட்டுக்குப் போனார். லோடுமேன்களை வரச் சொன்னார், டிரைவரை இறங்கச் சொன்னார், வாட்ச்மேனைக் கூப்பிட்டார். ஷிப்ட் விட்டுப் போகிற பெண்கள் நின்றதும்தான் பேசினார். "மூடை எதுவும் கூடல. எல்லாம் எடை போட்டுத்தான் ஏறியிருக்கு. மிஷினுக்கு நம்ம கணக்கு தெரியல. இவுகளை நான் அப்படிக் கேட்டது தப்பு. கேட்டுக்கிட்டீகளா எல்லாரும்?" என்றார். சற்று முன்பு வரை நீ என்று பேசிய வாய் அது.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏலே, என்ன வேடிக்க? இறக்குன மூடையத் திரும்பப் போடுங்க. மொதல்ல இருந்து போடணும்" என்று லோடுமேன்களை விரட்டினார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். குடோனில் மூடை தட்டில் விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னாலேயே அண்ணனின் குரல், சற்று முன் இதே தட்டுக்கு முன்னால் வாயே திறக்காதவரின் குரல், முற்றம் முழுக்கக் கேட்கும்படி வந்தது.

"லாபம்."

திரையில் முதல் வரி விழுந்தது.